நாலு செகண்ட் பார்வை

என் ஹார்டு டிஸ்கில் 'பார்வை' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே முந்நூறு முகங்களுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் மூன்று செகண்ட், நாலு செகண்ட். எதற்கும் சத்தம் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு என்று எங்கே போனாலும், சும்மா இருக்கிற யாருடைய முகத்தையாவது கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு வரும்படி எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தேன். கேமரா அவருடையது, எடிட்டிங் என்னுடையது. அவர் போகிற இடத்துக்கு நான் பெரும்பாலும் போவதில்லை. அவர் கொண்டுவந்து போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஸ்டுடியோ ஜூஜுவாடியில், டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடி. பெங்களூர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் மானிட்டர் லேசாக நடுங்கும். வெளிச்சம் விழாமலிருக்க ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறேன், அதனால் பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். வருகிற கல்யாணங்களில் பாதி தெலுங்கு, கொஞ்சம் கன்னடம், மிச்சம்தான் தமிழ். எனக்குக் கன்னடம் காய்கறி வாங்குகிற அளவுக்கு வரும். தெலுங்கில் திட்டினால் புரியும், கொஞ்சினால் புரியாது. அதனால் வீடியோவை டைம்லைனில் போட்டதும் நான் செய்கிற முதல் வேலை சத்தத்தை மூடுவது. பேச்சு குழப்பும், பார்வை குழப்பாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

வித்தை ரொம்பச் சின்னது. ஒரு முகத்தை வைக்க வேண்டும், அடுத்து ஒரு பொருளை வைக்க வேண்டும். அந்த முகம் அந்தப் பொருளைத்தான் பார்க்கிறது என்று ஜனங்களே முடிவு செய்துவிடுவார்கள். முகத்தில் ஒன்றும் இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது, வேண்டியதை அவர்களே அதில் நிரப்பிக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தி பந்தியில் சாம்பாருக்காகக் காத்திருந்த முகத்தை எடுத்துத் தாலி கட்டும் இடத்தில் சொருகினேன். வீடியோ போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த அம்மாவே போன் செய்து, நான் கண் கலங்கினதை இவ்வளவு அழகா எடுத்திருக்கீங்களே என்று நெகிழ்ந்துபோனார். சாம்பார் என்று நான் வாய் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கம்பெனிக்கு ஆயுத பூஜை வீடியோ எடுக்க எங்களைக் கூப்பிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரி பொட்டலம் கொடுப்பார்கள். அப்பா எந்த மிஷினில் நிற்கிறார் என்று பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே போன் கூடாது. கேட்டிலேயே சின்னச் சின்ன மர அறைகள் வைத்த அலமாரியில் போட்டுவிட்டு, பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் யாரும் படம் எடுக்க முடியாது என்பதால்தான் எங்களுக்கு அந்த வேலையே கிடைத்தது.

அப்படி ஒரு பூஜை வீடியோ எடுத்து இரண்டு வருஷம் ஆன பிறகு, அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் திங்கட்கிழமைதோறும் வகுப்பு நடக்கும், அதில் போட ஆறு நிமிஷப் படம் வேண்டும் என்றார். பவர் பிரஸ்ஸில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டும். நாலு மாதம் முன்னால் அங்கே ஓர் ஆபரேட்டர் பிரஸ்ஸில் சிக்கி இறந்துபோயிருந்தார். பேப்பரில் ஓரமாக வந்தது, எனக்கும் தெரியும். ஆனால் படம் அவரைப் பற்றியது இல்லை, பொதுவானது என்று ஆபீசர் இரண்டு தடவை சொன்னார். அவர் கொடுத்த தாளில் கதை இருந்தது: ஆபரேட்டர் ஒளித்துக் கொண்டுவந்த போனைக் குனிந்து பார்க்கிறான், அப்படியே உள்ளே சாய்கிறான், பிரஸ் இறங்குகிறது.

நடிக்க ஆள் கிடைக்கவில்லை. முதுகு, கால், கையுறை போட்ட கை என்றால் சரி என்றார்கள். முகம் காட்ட ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. அந்த ஆபரேட்டர் இறந்த மிஷினுக்கு ஆடு வெட்டிப் பூஜை போட்டு, நம்பர் பலகையை மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் முன்னால் செத்துப்போகிறவனாக நிற்க யாருக்கு மனசு வரும். போன் ஷாட்டையும் அங்கே எடுக்க முடியவில்லை. படத்துக்கென்றாலும் போன் உள்ளே வரக் கூடாது என்று செக்யூரிட்டி ஒரே பிடியாக நின்றுவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கடைசியில் யூனிஃபார்ம் சட்டை ஒன்றை வாங்கிவந்து எங்கள் வீட்டுக்காரருக்கு மாட்டி, ஸ்டுடியோ மேஜையில் என் போனைக் கையில் கொடுத்து எடுத்தோம்.

முகத்துக்கு 'பார்வை' ஃபோல்டரைத் திறந்தேன். பழைய ஆயுத பூஜையில் பிடித்த ஒரு முகம் அதில் இருந்தது. அதே யூனிஃபார்ம், பின்னால் அதே பச்சை மிஷின். முப்பது வயது சொல்லலாம். இடது பக்கமாகக் கீழே பார்க்கிறார். சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. தேடாமல் கிடைத்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். மிஷின் மேலிருந்த மாலை தெரியாதபடி ஃப்ரேமை இறுக்கினேன். நாலு செகண்டை எட்டாக இழுத்தேன். கண் சிமிட்டப் போகிற இடத்துக்கு ஒரு பொட்டு முன்னால் வெட்டினேன், ஏனென்றால் சிமிட்டாத கண்ணை விட்டுப் பார்க்கிறவர்களின் கண் நகராது. முகம். போன். மறுபடியும் முகம். இறங்கும் பிரஸ். ரத்தம் வேண்டாம் என்று அதற்கப்புறம் திறக்காத ஒரு டிபன் பாக்ஸ். ஓட்டிப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லக் கூடாது, நான் செய்ததிலேயே நல்ல வெட்டு அது.

முதல் தடவை போட்டுக் காட்டியபோது நானும் போயிருந்தேன். டிரெய்னிங் ஹாலில் சூப்பர்வைசர்கள், பழைய ஆபரேட்டர்கள் என்று முப்பது பேர் இருப்பார்கள். முகம் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பின்னாலிருந்த நாலைந்து பேர் திரையை விட்டுவிட்டு, அந்த முகம் பார்த்த பக்கம் திரும்பினார்கள். இடது பக்கம் ஒரு சின்னக் கதவும், அதை ஒட்டித் தீயணைப்பு சிலிண்டரும் இருந்தன. வேறொன்றும் இல்லை. நானும் திரும்பிப் பார்த்தேன்.

விளக்குப் போட்ட பிறகு, எழுந்து நின்ற சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்தார்.

"மேடம், இந்த ஆளு உங்களுக்கு எப்பிடிக் கெடச்சான்?" என்றார். "இவன்தான் மேடம் செத்துப்போனது."

பகீரென்றது. யோசித்துப் பார்த்தால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. பூஜை அன்றைக்கு ஆபரேட்டர்கள் அவரவர் மிஷின் பக்கத்தில்தான் நிற்பார்கள். பின்னால் அந்த மிஷின் இருக்கிற முகமாகத் தேடினேன், அந்த மிஷினுக்குரியவர் கிடைத்துவிட்டார். பெயர்கூடத் தெரியாமல் அந்த மனிதரை அதே மிஷினுக்குக் கொண்டுபோய் இரண்டாம் தடவை நிறுத்தியிருந்தேன்.

ஆபீசரிடம் முகத்தை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த ஹால் இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை, இப்படியே இருக்கட்டும், புதிதாக வருகிறவர்களுக்கு இவர் யாரென்று எங்கே தெரியப்போகிறது என்றார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தெருவே என் வாய்க்குப் பயப்படும், அன்றைக்கு அது திறக்கவில்லை. வெட்டு நன்றாக வந்திருக்கிறதே என்ற ஆசை. வெட்கங்கெட்ட ஆசைதான், வேறென்ன சொல்ல.

அதற்கப்புறம் ஸ்டுடியோவில் எனக்கு நிம்மதி போயிற்று. எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதும் புதிதில்லை. கல்யாண வேலை பார்த்துக்கொண்டிருப்பேன், கரண்ட் போய் வந்ததும் மானிட்டரில் அவர் நிற்பார். கடைசியாகச் சேமித்த வேலையைத் தானாகத் திறக்கிற சாஃப்ட்வேர் அது, நான்தான் படத்தை மூடாமல் விட்டிருப்பேன். கறுப்புப் பேப்பர் ஒட்டின அறையில், நட்ட நடுப் பகலில், ஓர் ஆள் சிமிட்டாமல் மேஜையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே வைத்திருந்த டீ டம்ளரை வலது பக்கம் மாற்றிவைத்துக்கொண்டேன்.

நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்குள் பந்தல் போட்டு ஒரு கல்யாணம். அந்த வேலையை முடித்து ஓட்டிப் பார்க்கிறேன், இரண்டு அத்தைமார் முகத்துக்கு நடுவில் அவர் முகம். அடுத்த ஷாட்டில் பொண்ணு இலையில் பாயசம் ஊற்றுகிறார்கள். அவர் அதைக் குனிந்து பார்க்கிறார். கேமரா எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்போது இரண்டு ஃபைலுக்கு ஒரே நம்பர் வந்துவிடும், காணாமல் போன கல்யாண ஃபைலுக்குப் பதில் அதே நம்பருள்ள இதை சாஃப்ட்வேர் எடுத்துப் போட்டுக்கொண்டது என்று எங்கள் வீட்டுக்காரர் விளக்கினார். விளக்கம் சரிதான். என்னை உலுக்கியது அது இல்லை. பாயசத்துக்கு முன்னால் அந்த முகம் அவ்வளவு பாசமாக இருந்தது. அதே நாலு செகண்ட்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு லாரியை வைத்தேன், பயந்தார். என் போட்டோவை வைத்தேன். அதற்கப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

படம் ஓடத் தொடங்கி ஆறு மாதம் இருக்கும். ஒரு நாள் நாலு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். கழுத்தில் அந்தக் கம்பெனி கார்டு. இறந்தவரின் மனைவி என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊர் சிங்காரப்பேட்டை. புருஷன் போன பிறகு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்த முதல் திங்கட்கிழமை, மற்றப் புது ஆட்களோடு அவளையும் ஹாலில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அவள் யாருடைய மனைவி என்பது யாருக்கும் நினைவில் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் படம் முடிந்ததும், போனைப் பார்த்துக்கொண்டே செத்திருக்கிறான், நல்லா வேணும் என்று சொன்னாளாம். எங்களைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

பொதுவான படம், யாரையும் குறிக்கவில்லை என்று ஆபீசர் சொன்னதையே நானும் சொல்ல ஆரம்பித்தேன். நான் நிறுத்தினதும் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூலையில் கண்ணாடி விரிந்த பழைய போன்.

"இது அவரு போனுக்கா. உள்ள உடமாட்டாங்கன்னு தெனமும் வீட்லதான் வெச்சுட்டுப் போவாரு. அன்னிக்கும் எங்கிட்டதான் இருந்துச்சு. கம்பெனியிலருந்து சேதி சொன்னாங்களே, அத நான் இதுலதான் எடுத்தேன்."

கேட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு நானே எத்தனை தடவை உள்ளே போயிருக்கிறேன். போன் வராது என்பதற்காகவே ஸ்டுடியோவில் வைத்து எடுத்தேன். ஆனாலும் அவர் கையிலும் போன் இருந்திருக்காது என்பது ஒரு நிமிஷம்கூட எனக்கு உறைக்கவில்லை. அவமானத்தில் முகம் எரிந்தது.

அவளுக்கு அஞ்சு வயதில் ஒரு பெண். நாளைக்கு இந்த ஊரிலேயே படித்து, இதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால், அவளுக்கும் அப்பாவை இப்படித்தானே காட்டுவார்கள் என்றாள். அதைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. பிறகு கேட்டாள்:

"அவரு எதப் பாத்துக்கினு இருந்தாரு? அத மட்டும் சொல்லுங்கக்கா."

எனக்குத் தெரியாது. முந்நூறு பேர் எதையோ பார்க்கிறார்கள், ஒருவர் எதைப் பார்த்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் எதையும் அழிக்கிற ஆள் இல்லை, அதற்காக நான் திட்டாத நாள் இல்லை. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி, பழைய ஹார்டு டிஸ்குகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவளுக்குக் கொடுத்த டீ ஆடை கட்டிப்போனது.

வெட்டாத ஃபைல் முப்பத்தொரு செகண்ட் இருந்தது. கை பழக்கத்தில் சத்தத்தை மூடிவிட்டுத்தான் ஓட்டினேன். மாலை போட்ட மிஷின் பக்கத்தில் அவர் நிற்கிறார். நேராகப் பார்க்கிறார். இடது பக்கம் திரும்பிக் கீழே பார்க்கிறார்.

"சத்தம் வைங்கக்கா," என்றாள்.

முதலில் இருந்து ஓட்டினேன். மணிச் சத்தம், மைக்கில் யாரோ பேசுகிற சத்தம், அதற்கு நடுவே கேமராவுக்கு மிகக் கிட்டத்தில் ஒரு குழந்தையின் அழுகை. பிறகு ஒரு பெண்ணின் குரல்: "பாப்பா பயப்படுது. அந்த மிஷினுகிட்ட நிக்காதீங்க, இப்டி வந்துடுங்க."

ஸ்பீக்கரில் பேசினவள் என் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவர் கீழே பார்க்கிறார், மூன்று வயதுப் பிள்ளை நிற்கிற உயரத்துக்கு. கையில் இருக்கிற போனைப் பார்ப்பதற்கும் குனிய வேண்டியது அவ்வளவுதான். நான் வெட்டின இடம் வருகிறது. கண் சிமிட்டுகிறார். முகம் மெல்ல மலர்கிறது. "தோ, வந்துட்டேன்" என்கிறார். ஓர் எட்டு வைத்து ஃப்ரேமை விட்டு வெளியே போய்விடுகிறார். எங்கள் வீட்டுக்காரர் கேமராவைத் திருப்பவில்லை. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் மாலையும் குங்குமமுமாக மிஷின் மட்டும் நிற்கிறது. அழுகை நிற்கிறது.

அஞ்சாறு தடவை ஓட்டச் சொன்னாள், ஓட்டினேன். அவர் போவதற்கு முந்தின நொடியில் அவரை வெட்டிப் பிடித்து, கண்ணைச் சிமிட்டக்கூட விடாமல், வாராவாரம் அந்த மிஷினடியில் நிறுத்திவைத்து பிரஸ்ஸை இறக்கிக்கொண்டிருந்தவள் நான். அழுகை வந்தது, மறைக்கவில்லை. முகத்தையே எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவரு இருக்கட்டும். போன மட்டும் எடுத்துடுங்க. என் கொரலும் இருக்கட்டும்."

கம்பெனியில் எல்லாருக்கும் உன் குரல் தெரிந்துவிடுமே, வேலைக்கு ஏதாவது ஆனால் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். தெரியட்டும் என்றாள்.

போனையும் டிபன் பாக்ஸையும் எடுத்தேன். முப்பத்தொரு செகண்டையும் ஒரு வெட்டு இல்லாமல், சத்தத்தோடு வைத்தேன். அவர் போன பிறகு காலி மிஷின், அதன் மேல் பிரஸ் இறங்குகிறது, அவ்வளவுதான். மறுநாள் ஆபீசர் முன்னால் கேட்டில் வாங்கின பித்தளை டோக்கனை மேஜைமேல் வைத்து, போனை வாங்கிவைத்துக்கொண்டு இதைக் கொடுக்கிற கேட்டைத் தாண்டி இவர் போனோடு உள்ளே வந்திருக்க முடியுமா சார் என்று கேட்டேன். டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் படத்தை இரண்டு தடவை பார்த்தார். மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும், இந்தக் குரல் எதற்கு என்று இழுத்தார். இந்தத் தடவை என் வாய் திறந்துகொண்டது. வருகிற திங்கட்கிழமை பழையது ஓடினால் நானே ஹாலில் எழுந்து நின்று, போன் என்னுடையது, கை என் புருஷனுடையது என்று சொல்வேன் என்றேன். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் அந்த மிஷினில் சரியாக வேலை செய்யவில்லை என்று ஆபரேட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அதற்கு என்னிடம் படம் இல்லை, அதனால் அதைப் பேசவில்லை. ஆபீசர் பென் டிரைவை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஆயுத பூஜைக்கு அவர்கள் எங்களைக் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. மூன்றரை மணிக்கு, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் போன் வந்தது. இறந்தவருடைய போனிலிருந்து, அவள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பர். எடுத்தேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. புதுசுதான் போட்டார்கள் என்றாள். பேக்கிங்கிலிருந்து ஹாலுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது, சிலிண்டர் பக்கத்தில், அங்கே வந்து நின்று பார்த்தாளாம்.

"புதுசா வந்தவங்க எல்லாரும், அவரு எதப் பாக்கறாருன்னு என் பக்கம் திரும்பிட்டாங்கக்கா. நான் கதவுகிட்ட நின்னுக்கினு இருந்தேன். அவரு நேரா எங்கிட்டதான் வந்தாரு."